உள்ளேன் ஐயாவும் ஒரு ஜோடி பூட்சும்

பொன்னேரியில் குடியிருந்துகொண்டு, சென்னையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் வாங்கிய முட்டாள் நான். எனக்குத் திக்குவாய். 'பொ' என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் ரயில் போய்விடும். 'கு' சுலபமாக வரும். ஒரு எழுத்துக்குப் பயந்து ரயில்வேக்குக் கூடுதலாக அழுதவன்.

திக்குவாயைப் பூட்ஸ் காலால் மிதித்து விரட்டியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர். ஊர் வைத்த பெயர் 'லெஃப்ட் ரைட்'. பட்டாளத்தில் சண்டை போட்டதாக அவர் சொல்வார். சப்பாத்தி போட்டதாக ஊர் சொல்லும். மளிகைக் கடையில் புளி நிறுக்கும் வரைக்கும்கூட நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பார். தராசு முள் ஆடுகிறதே என்று கடைக்காரர் புலம்புவார்.

அந்த வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பாசிரியர் தமிழ் ஐயா. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். நான் "உ... உ..." என்று ஊதிக்கொண்டிருப்பேன், அவர் நாலு பெயர் தாண்டியிருப்பார். கையைத் தூக்கிப் பார்த்தேன்.

"கை பேசாது தம்பி" என்றார்.

முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் ஆனேன். இப்படியே போனால் வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மைதானத்து மூலையில் குந்தியிருந்த என்னை லெஃப்ட் ரைட் பிடித்தார்.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

"வாயி மாட்டிக்கிச்சின்னா கால வச்சி நெம்புடா. உள், லெஃப்ட்டு. ளேன், ரைட்டு. ஐ, லெஃப்ட்டு. யா, ரைட்டு. நட."

நடந்தேன். வந்தது. 'உள்ளேன் ஐயா' என்று கத்தியபடி மைதானத்தையே சுற்றினேன். மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் ஒதுங்கி வழிவிட்டன.

மறுநாள் வகுப்பில் எழுந்து மிதித்தேன். "இது வகுப்பறையா, குதிரை லாயமா?" என்று தமிழ் ஐயா தடை போட்டார்.

அதற்கடுத்த நாள், சரியாக என் பெயர் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே டக், டக், டக், டக். வராந்தாவில் லெஃப்ட் ரைட், வானத்தைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"எக்சர்சைஸ் சார். டாக்டர் சொல்லிக்கிறாரு."

அந்தத் தாளத்தில் என் நாக்கு கழன்றது. அன்று முதல் தினமும் இதே டாக்டர், இதே எக்சர்சைஸ். போகப்போக மொத்த வகுப்புமே சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி பதில் சொன்னது.

ஒருநாள் அவர் மொட்டை போட்டுக்கொள்ளப் பெரியபாளையம் போய்விட்டார். என் பெயர் வந்தது. வெளியே சத்தமில்லை. "உ... உ..." தமிழ் ஐயா ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு டஸ்டரால் மேசையில் தட்ட ஆரம்பித்தார், டக், டக்.

"ம், கூறு" என்றார்.

ஹால் டிக்கெட் கிடைத்த அன்று லெஃப்ட் ரைட் வீட்டுக்கு ஓடினேன். நன்றி சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் கொட்டியது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஏன் என்று அப்புறம்தான் கவனித்தேன். வாசல் சிமெண்டில், வெறுங்காலோடு, அவர் எனக்காக மிதித்துக்கொண்டே இருந்தார்.

"சீக்கிரம் முடிடா, காலு நோவுது."