சீசரின் இரத்த அறிக்கை பற்றி என் மறுப்பு

நமுனுகுல,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனர் றொனிக்கு,

இன்று காலை பத்து மணிக்கு மிருக வைத்தியர் மஹ்ரூப் உறுதிப்படுத்திய தகவல்: உங்கள் நாய் சீசரின் இரத்தத்தில் லைபேஸ் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. அது கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதியம். நாய் அளவுக்கு மீறிக் கொழுப்பைத் தின்றால் சதையி என்ற கணையம் வீங்கி, அந்த நொதியம் இரத்தத்தில் கலந்துவிடுமாம். மற்றபடி, கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் அக்கா றோசாலியும் சுகம்.

நேற்று, சீசருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டதும் கொழும்பிலிருந்து போன் எடுத்து, "கண்டதையும் போட்டு என் நாயைக் கொல்லப் பாக்குறீங்களா மச்சான்?" என்று கேட்டீர்கள். நாற்பது வருடம் செய்தி எழுதியவனை விசாரிக்காமலே குற்றவாளியாக்கிவிட்டீர்கள். நீங்கள் அவனை எங்களிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போன நாள் முதல் சீசரின் தட்டில் நான் வைத்தது சோறும் அவித்த பூசணியும் மட்டுமே. சாட்சி உங்கள் அக்கா. டாக்டர் எனக்கே கொழுப்பை நிறுத்தி ஆறு வாரமாகிறது. நானா நாய்க்குக் கொடுப்பேன்?

ஆகவே நானே விசாரணையில் இறங்கினேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் யார் கறி சமைத்தாலும் நம் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும், தொடாமல் திருப்பினால் அவர்களுக்கு அவமானம் என்பது உங்களுக்குத் தெரியும். அதிகம் அனுப்புகிற இராக்கம்மாவிடம், நாய்க்கு ஏதாவது போட்டாயா என்று நேரடியாகக் கேட்டேன்.

"நாய்க்கா? ஒங்களுக்கே பத்தலையே சார்! கிண்ணத்த நக்கித் தொடச்ச மாதிரி அனுப்புறீங்க, எனக்குக் கழுவுற வேலையே இல்ல. அவ்வளவு தின்னும் ஏன் இப்படி எளைச்சுப் போறீங்க?"

கேட்டதற்கு இதுவா பதில்? விசாரணை அத்துடன் நிற்கிறது.

சீசருக்கு வெள்ளிக்கிழமை மறுபடி இரத்தம் எடுப்பார்கள்; முடிவு சனிக்கிழமை பகல். அளவு இறங்காவிட்டால் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். கர்த்தர் உங்களையும் அந்த வாயில்லாச் சீவனையும் காப்பாராக.

மனம் நொந்த மச்சான்,
லூக்காஸ்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாரு, படிச்சுட்டேன். தட்டுல வச்சது பூசணிதான், அது பொய்யில்ல. கறி போனது மேசைக்கு அடியில. இராக்கம்மா மனசு நோகக்கூடாதாம். கேட்டா, "நான் எங்கடி குடுத்தேன்? கீழ வச்சேன், அது எடுத்துக்கிச்சு"ங்கிறாரு. இனிமே கிண்ணம் வேணாம்னு இராக்கம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். இப்ப மேசைக்கு மேலயும் பூசணி, கீழயும் பூசணி. சீசர் இன்னைக்கும் அவரு காலடியிலதான் படுத்திருக்கு, சாப்பாட்டு நேரம் எப்ப வரும்னு அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு.