பின்மூடி திறப்பவர்

மணி பார்க்கக் கடிகாரம் வாங்குகிறவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது டூர்பியோன் பிரியர் என்ற தனிப்பிறவியைப் பற்றி. கடிகாரம் செய்தே பிழைக்கும் எங்கள் லெ லோக்ல் ஊரில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். விழுந்தால் எழுந்து ஓடிவிடுங்கள். இல்லையென்றால் கோட்டுக்குள் கையை விட்டு, கொள்ளுத்தாத்தா காலத்துப் பைக்கடிகாரத்தை எடுத்து, மான்தோலால் துடைத்து, மூச்சுக்காற்று படாமல் பின்மூடியைத் திறந்து, உள்ளே தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் டூர்பியோன் என்ற குட்டிக் கூண்டைக் காட்டி, "பூமி இழுக்குற இழுப்பையே ஏமாத்துது பாத்தீங்களா!" என்பார். முன்பக்கமா? அங்கே வெறும் முள்தானே இருக்கிறது!

என் எதிர்வீட்டு அன்செல்ம் மத்தே இந்த இனத்தின் உச்சம். வீட்டில் இழுப்பறை நிறையக் கடிகாரங்கள். ஒன்றுகூடச் சரியான மணி காட்டாது. முள்ளைத் திருகினால் தேய்ந்துவிடுமாம்.

அவர் மகள் கொரினுக்கு நுஷாத்தெல் நகர மன்றத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்தை அப்பாதான் போட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணத்தன்று நானும் அவர் மனைவி லூசெத்தும் ரயிலில் ஏறிவிட்டோம். இவரோ நடைமேடைக் காப்பிக் கடையில் யாரோ ஒரு அப்பாவியிடம் மூடியைத் திறந்துவிட்டார்.

"அட மனுஷா, மணி என்னன்னு பாருங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் லூசெத்.

"என்னமா சுத்துது பாரு!"

"சுத்துறது கெடக்கட்டும், மணி?"

"இரு, இப்பத்தான் கூண்டு வெளிச்சத்துக்கு வருது!"

ரயில் கிளம்பிவிட்டது. மணமகளின் அப்பனுக்காகவெல்லாம் எங்கள் நாட்டு ரயில் நிற்காது.

நகர மன்ற அதிகாரியும் நிற்கவில்லை. "அடுத்த ஜோடி வெளிய காத்திருக்காங்க" என்றார். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். கொரின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து படியிறங்கும்போது வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார் அன்செல்ம்.

"இப்ப மணி என்னப்பா?" என்றாள் மகள்.

அவர் கை கோட்டுக்குள் போனது. கடிகாரம் வெளியே வந்தது. திறந்தது பின்மூடி.

சிரிக்கிறீர்களா? நல்லது. சற்று முன்னால் மணி பார்க்கத்தானே கைபேசியை எடுத்தீர்கள்? எதையெதையோ பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தும் விட்டீர்கள். எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம், மணி என்ன?