ஒரே காலையில் எல்லோரும் அண்ணன் தங்கை

ஹெட்மாஸ்டர்களில் பல தினுசு உண்டு. பிரம்பும் கையுமாகவே பிறந்தவர் ஒரு தினுசு. பென்ஷனை நினைத்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் இன்னொரு தினுசு. இந்த இரண்டாலும் ஊருக்குப் பெரிய சேதம் வந்ததாகச் சரித்திரமில்லை. இங்கே சொல்ல வந்தது மூன்றாவது தினுசை. இவர் வந்த அன்றே மாற்றுகிறவர்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று கேட்கிறீர்களா? சுலபம். பஸ்ஸின் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இன்னும் இறக்கியிருக்க மாட்டார்கள், அதற்குள் பள்ளிக்கூடத்து மணியை அண்ணாந்து பார்த்து, "இது ஏன் இங்கே தொங்குகிறது?" என்பார். அது அங்கே தொங்கியதால் அங்கே தொங்கியது, வேறு காரணம் எதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் மணி கட்டடத்தின் மறுகோடிக்குப் போய்விடும். மறுநாள் ஏழாம் வகுப்புக்கு மணிச் சத்தம் கேட்காது, பிள்ளைகள் வயிறு சொன்ன நேரத்துக்கு எழுந்து போவார்கள். போகட்டுமே. மாற்றியாயிற்றா இல்லையா?

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஊத்துப்பாறை என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு இப்படி வந்து இறங்கியவர்தான் மரியஜோசப் சார். வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து படித்து முன்னுக்கு வந்தவர். நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை கஷ்டம் யாருக்கும் வந்திருக்காது. கேரளத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் மலையில் கொஞ்சம், கிழக்குப் பாலக்காட்டில் கொஞ்சம். ஆகவே அவரைத் தூக்கிப் போட மேலிடத்துக்கு இரண்டே திக்கு. மலையில் சத்தம் அதிகமானால் கீழே அனுப்புவார்கள், கீழே சத்தம் அதிகமானால் மலைக்கு அனுப்புவார்கள்.

வந்த வாரமே கணக்கு வாத்தியாருக்குச் சரித்திரத்தைக் கொடுத்தார், சரித்திர வாத்தியாருக்கு டிரில்லைக் கொடுத்தார், டிரில் மாஸ்டருக்கு நன்னெறி வகுப்பைக் கொடுத்தார். டிரில் மாஸ்டருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "உண்மையே பேசுவோம், உண்மையே பேசுவோம்" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அடுத்து மாணவர் மனநலம். சாப்பாட்டுக்குப் பிறகு சிரிப்பு நேரம் என்று ஒன்றை வைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சிரிப்பு மானிட்டரைப் போட்டு, சிரிக்காதவர்களை முட்டி போட வைத்தார். முட்டி போட்டவர்களைப் பார்த்து மற்றவர்கள் நிஜமாகவே சிரித்தார்கள். திட்டம் வெற்றி.

இந்தத் திட்டங்களையெல்லாம் பார்த்துப் பயந்தது அவர் மனைவி இன்பமேரி மட்டும்தான். மகள் ஞானஜோதி எந்தப் பள்ளிக்கூடத்திலும் இரண்டாம் வருஷம் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் இருப்பவளின் பெயரைக் கேட்பதையே அவள் விட்டுவிட்டிருந்தாள். பெயர் வாயில் பழகுவதற்குள் அப்பாவுக்கு ஆர்டர் வந்துவிடும், பிறகு எதற்கு? இந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு.

"மணிய மாத்துங்க, வாத்தியாருமாரை மாத்துங்க, என்ன வேணா மாத்துங்க" என்றாள் இன்பமேரி. "மார்ச்சு மாசம் புள்ள பரிச்ச எழுதுத வரைக்கும் நம்மள மாத்துத மாதிரி எதையும் செஞ்சுராதீய."

"நான் என்ன எனக்காகவா செய்யுதேன்? எல்லாம் பிள்ளைகள் நலனுக்குத்தானே."

"ஒங்க பிள்ளையும் பிள்ளதான்."

அவர் தலையை ஆட்டினார். இந்தத் தினுசு எதற்கும் தலையை ஆட்டும். மனசு அப்போது வேறொரு திட்டத்தில் இருக்கும்.

அந்தச் சமயத்தில் பத்தாம் வகுப்புப் பையன்கள் முன் பெஞ்சுப் பெண்களின் சடையில் மை தெளிப்பதை ஒரு கலையாக வளர்த்திருந்தார்கள். வேறு ஹெட்மாஸ்டராக இருந்தால் காதைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். மரியஜோசப் சார் யோசித்தார். வடக்கே பெண்கள் ஆண்களின் கையில் நூல் கட்டி அண்ணனாக்கிக்கொள்வார்கள் என்று எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. தையல் வகுப்பிலிருந்து சிவப்பு நூல் கண்டு வந்தது.

பியூன் குப்பண்ணன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "ஏனுங் சார், நூல் கட்டறதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லோணுங்க."

"அப்புறம், குப்பண்ணா."

"அப்பறம்னா கட்டிப் போடுவாங்களேங்க."

"அதுக்குத்தானே நூலு" என்று சொல்லிவிட்டு சார் அசெம்பிளிக்குப் போய்விட்டார்.

குப்பண்ணன் சொல்ல வந்தது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. எஸ்டேட் லயத்தில் ஆளுக்கொரு திசையிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அங்கே யாரை யார் அண்ணன் என்றாலும் அன்புதான். ஊத்துப்பாறையிலோ புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கூட்டம், அதாவது குலம், என்ன என்று கேட்பார்கள். ஒரே கூட்டமானால் பங்காளி, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. வேறு கூட்டமானால் மாமன் மச்சான், பின்னொரு காலத்தில் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். இந்த முறை புரண்டு ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

அன்று காலையில் பத்தாம் வகுப்பு வரிசையாக நின்று, சென்னிமலை என்பவரின் மகள் தன் பங்காளி வீட்டுப் பையன் கருப்புசாமிக்கு நூல் கட்டி, அது சரியாகப் போய், அப்புசாமியின் மகள் கமலாத்தாள் அதே கருப்புசாமிக்கு, அதாவது தன் சொந்த அத்தை மகனுக்கு, நூல் கட்டி, அது அடியோடு போய், ராசம்மாள் என்ற பெண் வகுப்பில் தவறித் தவறித் தன்னோடு வந்து சேர்ந்திருந்த சொந்தச் சித்தப்பாவுக்கே நூல் கட்டி, சித்தப்பா அண்ணனானதில் தாத்தா அப்பாவாகி, அப்பா இன்னொரு அண்ணனாகி, அம்மா அண்ணியாகி, அந்தக் குடும்பம் முழுவதும் ஒரு படி கீழே இறங்கி நின்றது. ஞானஜோதிக்கு அங்கே உறவென்று யாருமில்லை. ஆகவே நூல் மிஞ்சிய இடத்திலெல்லாம் அவளைக் கட்டச் சொன்னார்கள். அவளும் கருப்புசாமி முதல் எல்லாருக்கும் கட்டினாள்.

அண்ணன் தங்கை வாழ்க என்று முழங்கி அசெம்பிளி கலைந்தது. சாரின் கண்ணில் ஆனந்தத் தண்ணீர்.

மறுநாள் காலையில் மகன் கருப்புசாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருதாத்தாள் வந்தாள். பின்னால் பாதி ஊர்.

"ஏனுங்க பெரிய வாத்தியாரே, எம் பையன் கையில இது என்னங்க?"

"சகோதர பாசம், அம்மா."

"கட்டுனது ஆருங்க?"

"ஒரு தங்கை."

"அது எங்கண்ணன் பொண்ணுங்க. படிச்சு முடிச்சு, பெரியவங்களாயி, பின்னாடி எங்கூட்டுக்கு மருமவளா வரோணும்னு ரண்டு ஊட்டுலயும் பேசி வெச்சிருக்கறம். நீங்க அரை மொழம் நூல்ல முடிச்சு உட்டுட்டீங்க."

கமலாத்தாளையும் கருப்புசாமியையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஆளுக்கொரு புளியங்காயைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பு நடக்கவில்லை என்பதில் இருவருக்கும் ஒரே மாதிரி சந்தோஷம்.

இதைச் சரி செய்யாவிட்டால் ஜில்லாக் கல்வி அதிகாரியான டி.இ.ஓ.வின் ஆபீசுக்குப் போய் ஹெட்மாஸ்டரை மாற்றச் சொல்வோம் என்று ஊரார் சொன்னார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இன்பமேரி உப்புப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்க சாருக்குத் தைரியமில்லை.

தப்பைத் திருத்துவதில் இந்தத் தினுசை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதையும் முழுசாகத்தான் செய்வார். மறுநாள் அசெம்பிளியில் எல்லாப் பையன்களும் நூலை அவிழ்த்து, கட்டியவளிடம் திருப்பிக் கொடுத்து, "இன்று முதல் நீ என் தங்கை அல்ல" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சொன்னார்கள்.

மத்தியானத்துக்குள் மிச்சமிருந்த பாதி ஊரும் வந்துவிட்டது. முன்னால் சென்னிமலை.

"எம் பொண்ணப் பாத்துத் தங்கச்சியில்லைன்னு சொன்னானாமா கருப்புசாமி. எங்க தாத்தனும் அவங்க தாத்தனும் ஒரு வயித்துப் புள்ளைங்க. நாளைக்கு அவன் கண்ணாலத்துல மணையில ஒக்காந்தா, பக்கத்துல தங்கச்சியா நின்னு இணைச்சீர் செய்யறது ஆருங்க, நீங்களா?"

"அதை எல்லாரும் பொதுவாகத்தான் சொன்னார்கள்…"

"பொறப்பு பொதுவாங்க?"

நேற்று வந்த பாதி ஊருக்கு அண்ணன் தங்கை ஆகக் கூடாது. இன்று வந்த பாதி ஊருக்கு ஆகாமல் இருக்கக் கூடாது. சார் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மருதாத்தாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "பள்ளிக்கூடத்த ஒரு நாளைக்கு எங்ககிட்ட உடுங்க. நாங்க பிரிச்சுத் தாறம்."

மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. பிள்ளைகளைச் சந்தையில் ஆடு நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, நூலைக் கையில் வைத்துக்கொண்டு, உங்க அம்மாவப் பெத்த அப்புச்சி எந்த ஊரு, அவங்க கூடப் பொறந்தவங்களை எங்க கட்டிக் குடுத்தது, அந்த ஊட்டுக்காரங்க என்ன கூட்டம் என்று ஆரம்பித்ததும், பேசாத பங்காளிகள் பேசினார்கள், மறந்துபோன அத்தை ஒருத்தி அகப்பட்டாள், ராசம்மாளின் குடும்பம் பழையபடி ஒரு படி மேலே ஏறிற்று. பங்காளிப் பிள்ளைகளுக்கு நூலைத் திருப்பிக் கட்டினார்கள். முறைப் பிள்ளைகளின் நூலை மரத்தில் தொங்கவிட்டார்கள். மோரும் சோறும் வந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானிட்டரே இல்லை.

கடைசியில் ஒரு பெண் மட்டும் நின்றாள்.

"இந்தப் புள்ள ஆரு?"

"அது என் மகள். எங்களுக்குக் கூட்டமெல்லாம்…" என்று சார் தொடங்கினார்.

மருதாத்தாள் அவரைப் பார்க்கவே இல்லை. "ஏஞ்சாமி, உனக்கு இந்த ஊர்ல ஆரு இருக்கறாங்க?"

"யாரும் இல்லீங்க" என்றாள் ஞானஜோதி.

பெரியவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார்கள். முறை இருந்தால்தானே முறை தப்பும்?

"அப்ப இவ கட்டுனது கட்டுனதுதான்" என்றார் சென்னிமலை.

அந்த நேரம் பார்த்து டி.இ.ஓ.வின் ஜீப் வந்து நின்றது. ஏதோ சத்தம் என்று கேள்விப்பட்டு, ஊர் புகார் சொல்லுமுன் தாமே பார்க்க வந்தவர், மரத்தடியைப் பார்த்துத் தலைகளை எண்ணத் தொடங்கினார். பெற்றோர் சங்கக் கூட்டமென்றால் ஒருவரும் வராமல், வடை போட்டவரே வடையைத் தின்றுவிட்டுப் போய்விடும் காலம் அது.

"எந்தா மாஷே, இத்தனை ரக்ஷாகர்த்தாக்களை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"எல்லாம் ஒரு நூல்தான் சார்" என்றார் மரியஜோசப் சார். வேறு எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் மேலும் அரைமணி நேரம் விளக்கினார்.

விளைவு என்ன? ஊரார் மனுக் கொடுக்கவில்லை. புகார் இல்லை. ஐப்பசியில் ஆர்டர் வந்தது. மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் எட்டியே பார்ப்பதில்லை, மரியஜோசப் மாஷ் உடனே போய் அந்த வித்தையை அங்கும் செய்ய வேண்டியது.

இன்பமேரி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "தப்பாச் செஞ்சாலும் மாத்துதாவ. நல்லாச் செஞ்சாலும் மாத்துதாவ. சும்மா இருந்தா மாத்த மாட்டாவ. அது ஒங்களால ஆகாது."

"அங்கேயும் பரீட்சை உண்டு. ஜோதி அங்கே எழுதட்டும்."

"நான் வரல" என்றாள் ஞானஜோதி. அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"பின்னே யார் வீட்டில் இருப்பாய்?"

பதில் வாசலிலிருந்து வந்தது. செருப்பை உதறிவிட்டு மருதாத்தாள் உள்ளே வந்து, கேட்காமலே ஞானஜோதியின் புத்தகங்களை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"முன்பின் தெரியாத வீட்டில் எப்படியம்மா…"

"என்னங்க தெரியாத ஊடு? எம் பையனுக்கு உங்க புள்ள நூல் கட்டிச்சா, இல்லீங்களா? ஊரு கூடிச் செல்லும்னு சொல்லியாச்சு. அவன் தங்கச்சின்னா எனக்கு ஆருங்க?"

சார் விரலை விட்டு முறையை எண்ணிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை மாதா கோயிலுக்கு நானே பஸ்ஸேத்தி உடறனுங்க. கறியாக்கற அன்னைக்கி கூடுதலா ஒரு துண்டு போடறேன். போயிட்டு வாங்க."

இன்பமேரி பெட்டிமேலிருந்து எழுந்து மருதாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞானஜோதி வாசலுக்குப் போய், அங்கே நின்றிருந்த கமலாத்தாளிடம், "உன் பக்கத்தில் உட்காருமே ஒரு பொண்ணு, அவ பேரென்ன?" என்று கேட்டாள்.

பஸ் கிளம்பும்போது சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மருதாத்தாளின் மாட்டுக் கொட்டகையைக் கிழக்குப் பார்த்து மாற்றினால் காற்று நன்றாக வரும் என்று சொன்னதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். இதைப் படித்துவிட்டு மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் போவீர்கள். அங்கே அடுக்களைக்குள் நுழைந்து, "இந்த அரிசிப் பானையை ஏன் இந்த மூலையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். தோன்றினால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு, வாசல் படியை யார் இவ்வளவு உயரமாக வைத்தது என்று கேட்கத் தோன்றினால், உங்களை ஒன்றும் செய்வதற்கில்லை.