போதகரை மாற்றச் சொல்லி அத்தானுக்கு

பேராயர் அலுவலகத் தலைமை எழுத்தர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அத்தானுக்கும், சபைக் கமிட்டிச் செயலாளரும் உங்கள் மைத்துனனுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், சபையைத் தவிர. அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, எங்கள் போதகர் பிரசங்கத்தை முடித்துவிட்டு இரண்டு அறிவிப்புகள் செய்தார். முதலாவது, வாசலை மறித்து நிற்கும் சாம்பல் நிறக் காரை உடனே எடுக்க வேண்டும் என்பது. அது என் கார். ஓடினேன். தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால், சபை முழுவதும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு காருக்கா இவ்வளவு என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நின்று, "எல்லாரும் மன்னிக்கணும், பழக்கதோஷம், இனிமே நடக்காது" என்றேன். போதகர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அத்தான்! பிறகுதான் சொன்னார்கள், இரண்டாவது அறிவிப்பு என்னவென்று. நான் தன்பாலீர்ப்பு உள்ளவன், தனியாகத்தான் வாழ்கிறேன், அதை உங்களிடம் மறைத்துக்கொண்டு இங்கே நின்று உண்மையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை என்றாராம்.

அன்றைக்கே சபை இரண்டாகிவிட்டது. போன வாரம் கூடிய கமிட்டியில் ஐந்துக்கு ஐந்து. பதினோராவது ஓட்டு அடியேனுடையது. அவர் போனால் அவருடைய வேலையும் வீடும் போகும். இருந்தால் பாதிச் சபை போகும். ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விடிந்ததும் வேதபுத்தகத்தோடு வந்து, "தம்பி, இதுல தெளிவா எழுதியிருக்கு, படிங்க" என்றார். படித்தேன், தெளிவாகத்தான் இருந்தது. அவர் படியிறங்கும்போதே பாடகர் குழுத் தலைவி ஏறி வந்தார். அவர் கையிலும் அதே புத்தகம், பக்கம் மட்டும் வேறு. "அண்ணே, இது தெளிவா இல்லையா?" அதுவும் தெளிவாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எதுவும் தெளியவில்லை. "எட்டு வருஷமா நம்ம ஜனங்க ஆஸ்பத்திரில கிடந்தப்போ பக்கத்துல உட்கார்ந்திருந்த மனுஷன், ஒரே ஞாயித்துக்கிழமைல கெட்டுப்போயிட்டாரா?" என்று கேட்டார். இல்லைதான் என்றேன். தலைமையாசிரியர் போன் போட்டு, "போதகர்னா சபைக்கு ஒரு முன்மாதிரியா இருக்க வேண்டாமா?" என்றார். ஆமாம்தான் என்றேன். "இருக்கிறது ஒரு தலை. அதை எத்தனை பேருக்கு ஆட்டுவீங்க? கழுத்து சுளுக்கிக்கப்போகுது" என்றாள் என் வீட்டுக்காரி, அதாவது உங்கள் தங்கச்சி.

சரி, 'அவர் போகட்டும்' என்பவர்களிடம் எப்போது போகட்டும் என்று கேட்கலாமென்று கோவில் நிகழ்ச்சிக் குறிப்பேட்டை விரித்தேன். "இன்னிக்கே!" என்றார் தலைமையாசிரியர். "வர்ற பதினாலாம் தேதி உங்க மகளுக்குக் கல்யாணமாச்சே சார்" என்றேன். "அடடா, அதை அவர்தான் நடத்தணும், பொண்ணு வேற யாரையும் ஒத்துக்க மாட்டா. மறுநாளே போகட்டும்." மறுநாள் பல் டாக்டரின் பேரனுக்கு ஞானஸ்நானம், அவரும் 'போகட்டும்' கட்சி. பேக்கரிக்காரர் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அவர் வந்து ஜெபம் பண்ணினாத்தான் தூங்குறாங்க. அம்மா போன பிறகு அவர் போகட்டுமே" என்றார். அம்மா எப்போது போவார்கள் என்று நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது, சொல்லுங்கள்?

ஆகவே அத்தான், ஓட்டுப் போடாமலே இந்தச் சிக்கல் தீர, மேலிடத்திலிருந்து நீங்களே ஒரு மாற்றல் உத்தரவு வாங்கி அனுப்பிவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம். யார் கேட்டாலும் எனக்கும் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். கர்த்தர் உங்கள் குடும்பத்தையும் அக்காவின் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்

பி.கு.: சபைக் கடிதம் எதுவானாலும் போதகர் படித்து முத்திரை வைத்தால்தான் பேராயத்துக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இருபது வருஷப் பழக்கம், இதையும் கொண்டுபோய் அவரிடம் நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கார் கதைக்குச் சிரித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். முத்திரையும் குத்திவிட்டு, "எல்லாரும் சொன்னதை எழுதியிருக்கீங்க அண்ணே. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு மட்டும் காணோமே" என்றார். கோபமே இல்லை. காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தான்.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். உத்தரவு வேண்டாம். வேதத்தில் எனக்குக் குழப்பம் குழப்பமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மனுஷனை அனுப்ப எனக்கு மனசில்லை. நாளைக்குக் கமிட்டியில், அவர் இருக்கட்டும் என்று கை தூக்கப்போகிறேன். தலைமையாசிரியர் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார். முத்திரை விழுந்த காகிதத்தைக் கிழிக்கக்கூடாது என்பதால் இதையே அனுப்புகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அக்காவை எனக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள்.