பானட்டில் காது வைத்த மகான்

அந்த இரண்டு மாதமும் எங்கள் தெருவில் வண்டி ஓட்டியவர்களைவிட வண்டி தள்ளியவர்கள்தான் அதிகம். எல்லாம் நல்ல வண்டிகள், சாவியைத் திருகினால் ஓடும் வண்டிகள். அவற்றைச் சொந்தக்காரர்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். தெருக்கோடியில் காலியாகக் கிடந்த கிடங்கில் ஒரு மகான் வந்து இறங்கியிருந்தார். அவர் வண்டியில் காது வைத்துக் கேட்க வேண்டுமானால் இன்ஜின் ஒரு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். தூங்கும் இன்ஜின்தான் உண்மை பேசுமாம். விழித்திருக்கும் இன்ஜின் மனிதரைப் போலவே பொய் சொல்லுமாம்.

விளம்பரப் பலகையில் அவருக்கு நீளமான பட்டம் போட்டிருந்தது. ஜனங்கள் அதைச் சுருக்கி 'காது ஐயா' என்றார்கள். வெள்ளைத் துண்டை மடித்து பானட்டின்மேல் விரிப்பார். அதில் இடது காதை வைப்பார். கண்ணை மூடுவார். கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திக்கொண்டு கூட்டம் காத்திருக்கும். பிறகு நெற்றியைச் சுருக்கி ஒரு பாகத்தின் பெயரும் ஒரு கெடுவும் சொல்வார். "கியர்பாக்ஸ். அம்பத்திரெண்டு நாள்." "ரேடியேட்டர். ஒரு மாசம் தாண்டாது."

சொந்தக்காரர் முகம் வெளுத்துவிடும். வெளுத்த முகத்தோடு பக்கத்து மேசைக்குப் போனால் அங்கே உதவியாளர் அம்மா பச்சை அட்டையோடு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பெயர் அபய அட்டை. காசு கட்டி வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் மூன்று வருஷத்துக்கு வண்டிக்கு ஒன்றும் வராது. அப்படியே வந்தாலும் செலவு ஐயாவுடையது. கம்பெனி கொடுக்கும் வாரண்டி முடிகிற இடத்தில் ஐயாவின் அருள் தொடங்குகிறது என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஐயா முன்னால் பானட்டைத் திறக்கக் கூடாது. அது வண்டிக்கு அவமானமாம்.

நான் இதையெல்லாம் எட்ட நின்று பார்த்துச் சிரித்த புத்திசாலி என்று நினைத்துவிட வேண்டாம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அந்தப் பச்சை அட்டை எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருபது நிபந்தனைகள். பதினான்காவது: ஐயா முன்கூட்டியே சொன்ன கோளாறு தெரிந்த கோளாறு, தெரிந்த கோளாறுக்கு அட்டை செல்லாது. பதினைந்தாவது: ஐயா சொல்லாத கோளாறு அட்டையில் எழுதப்படாத கோளாறு, அதற்கும் அட்டை செல்லாது. இரண்டையும் படித்தேன். ஒற்றெழுத்தெல்லாம் சரியாக இருந்தது. 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போதாக்குறைக்கு, என் சைக்கிளுக்கும் ஒரு அட்டை கிடைக்குமா என்று விசாரித்தேன். சைக்கிளுக்கு மனசு கிடையாது என்று உதவியாளர் அம்மா சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

தெருவில் முதல் பக்தர் மருந்துக்கடைக்காரர். மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

"அட்டை ஒட்டி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கா? ரேடியேட்டர் ஒரு மாசத்துல போயிரும்னு ஐயா சொன்னார். போகல. அட்டை காப்பாத்திருச்சு."

போயிருந்தால் ஐயாவின் வாக்கு பலித்தது என்பார். போகாததால் அட்டை பலித்துவிட்டது. அட்டை வாங்காத எத்தனையோ ரேடியேட்டர்களும் அந்த இரண்டு மாதம் சும்மாதான் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு வங்கிக் காசாளருக்கு மட்டும், ஐயா சொன்னபடியே கியர்பாக்ஸ் போய்விட்டது. அட்டையைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனார். திரும்பி வரும்போது அட்டையின் பின்பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போனார். யாராவது கேட்டால், "ஐயா சொன்னது அப்படியே பலிச்சுது" என்பார். காசு கிடைத்ததா என்று கேட்டால் பஸ் வந்துவிட்டது என்பார். படித்தவர், ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம்.

இந்த நிலையில்தான் அட்டைக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

அத்தானும் அக்காவும் கீழே, நான் மாடி அறையில். அத்தான் வாடகைக்கு கார் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருஷ வண்டி. சோறு போடுவது அதுதான், அக்கா மகள் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான். கொஞ்ச நாளாக பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்த மாதத்துக்குள் மாற்றாவிட்டால் நான் பொறுப்பில்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதற்கென்றே அக்கா பத்து மாதமாக ஒரு பிஸ்கட் டின்னில் பணம் சேர்த்திருந்தாள். அத்தானின் கண் அந்த டின்மேல் விழுந்தது.

"டின்னைக் குடு. ஐயாகிட்ட கட்டிட்டு வந்துர்றேன்" என்றார், அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

"அது பிரேக்குக்குங்க."

"பிரேக்குக்குன்னு சேத்தா பிரேக்குக்கு மட்டும்தான் ஆகும். அட்டை வாங்கிட்டா பிரேக், கிளட்ச், இன்ஜின் எல்லாத்துக்கும் ஆச்சு. மூணு வருஷம் நிம்மதி."

"பிரேக் இப்பவே உள்ள போகுது. கண்ணாடியில அட்டை ஒட்டினா அது மேல வந்துருமா?"

"நீ எல்லாத்தையும் நக்கலடி. நடுரோட்டுல நின்னா நிக்கப்போறவன் நான். வண்டியில ஒரு சத்தம் கேட்டாப் போதும், ஓரங்கட்டி இறங்கிப் பாத்துட்டுத்தான் மறுபடி எடுக்குறேன். இன்னிக்கு எது போகும், நாளைக்கு எது போகும்னு நினைச்சுக்கிட்டேதான் ஸ்டீரிங்கைப் பிடிக்கிறேன்."

அத்தான் முட்டாள் இல்லை, பயந்தவர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காது ஐயா கேட்டதெல்லாம் இந்தப் பயத்தைத்தான். பானட்டில் காது வைத்தது சும்மா.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பயம் எனக்கு மட்டும் இல்லையா? பாப்பா அதுலதான போறா. அதுக்காகத்தான பத்து மாசமா ஒரு புதுத்துணி எடுக்காம இருக்கேன்."

அவள் அலமாரிமேலிருந்த டின்னை ஒரு தடவை பார்த்தாள்.

"சரி, தர்றேன். ஆனா ஒண்ணு. சனிக்கிழமை எங்க யார்டுலேர்ந்து ஒரு வண்டி கொண்டு வர்றேன். அதுக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். ஐயா அதைச் சரியாச் சொல்லிட்டார்னா டின்னை நானே அவர் கையில குடுக்குறேன். சொல்லலன்னா, அன்னிக்கே பிரேக் மாத்தணும்."

"பேச்சு மாறமாட்டியே?"

"மாறமாட்டேன். நீங்களும் மாறக் கூடாது."

அக்கா வேலை செய்வது பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் யார்டில். பதினாறு வருஷமாகக் கவுண்டரில் இருக்கிறாள். எந்த வண்டி எதனால் செத்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய முதலாளியும் பானட்டில் காது வைத்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை யார்டு லாரியின் பின்னால் கயிற்றில் சாம்பல் நிறத்தில் ஒரு கார் வந்தது. கழுவித் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, பார்வைக்குக் கண்ணியமாக இருந்தது. அக்கா ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நின்று தள்ளினேன். எங்களுக்கு முன்னும் பின்னும் ஐந்து பேர், ஆறு பேர் சேர்ந்து தள்ளித் திணறிக்கொண்டிருந்தார்கள். நான் தனி ஆளாக அலுங்காமல் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு உடம்பு தேறிவிட்டது போலிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "கிடங்கு கிட்ட வர வர வண்டியே தானா போகுது பாருங்க. எல்லாம் ஐயா அருள்" என்று நாலு பேருக்குக் காட்டினார். கார் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

எங்கள் முறை வந்தது. முன்னாலேயே வந்து காத்திருந்த அத்தான் அக்காவின் வெறும் கையைப் பார்த்தார். "டின் எங்க?"

"வண்டியிலதான் இருக்கு. முதல்ல ஐயா சொல்லட்டும்."

துண்டு விரிந்தது. காது இறங்கியது. அன்றைக்கு ஐயா வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். கேட்கக் கேட்க உதடு துடித்தது. நிமிர்ந்தபோது கண்ணில் ஈரம் இருந்தது.

"எத்தனை வருஷ வண்டிம்மா?"

"பதினொண்ணு ஐயா."

"அதான். இந்த இன்ஜின் தூங்கலம்மா. அழுவுது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அத்தான் கையைக் கூப்பிவிட்டார்.

"என்ன சொல்லி அழுவுதுங்கய்யா?" என்றாள் அக்கா, ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில்.

"பிஸ்டன்ல வலிங்குது. உள்ள ஆயில் வத்திக்கிட்டே வருது. நாப்பத்து நாலு நாள். அப்புறம் நடுரோட்டுல உயிரை விட்டுரும்."

"இன்னொரு தடவை கேட்டுருங்கய்யா. எங்களுக்கு இது பெரிய காசு. அவசரப்பட்டுச் சொல்லிட்டோம்னு இருக்கக் கூடாது."

ஐயா பெருந்தன்மையோடு மறுபடியும் காதை வைத்தார். "சிலிண்டரும் சேந்து அழுவுது" என்றார்.

"எழுதிக் குடுத்துருங்க."

உதவியாளர் அம்மா ஒரு பச்சை அட்டையில் எழுதினார். இன்ஜின், பிஸ்டன், சிலிண்டர், நாற்பத்து நான்கு நாள். கீழே ஐயா கையெழுத்துப் போட்டார். அக்கா அந்த அட்டையை அத்தான் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்குங்க" என்றாள். பிறகு கார் கதவைத் திறந்து உள்ளே கைவிட்டு ஒரு பிடியை இழுத்தாள். பானட் டக்கென்று விட்டுக்கொடுத்தது.

"திறக்கக் கூடாதும்மா, வண்டிக்கு அவமானம்" என்று உதவியாளர் அம்மா எழுந்தார்.

"பரவால்லைங்க. எங்க யார்டு வண்டி, கோவிச்சுக்காது."

மூடி மேலே போனது. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் கிடங்கின் சிமெண்டுத் தரை தெரிந்தது. குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது. பலகையின்மேல் எங்கள் வீட்டு பிஸ்கட் டின் இருந்தது.

கூட்டம் முண்டியடித்து உள்ளே எட்டிப் பார்த்தது. எனக்கு உடம்பு தேறவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"இன்ஜின் எங்கம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"போன வருஷமே கழட்டி வித்தாச்சுங்க."

ஐயா லேசுப்பட்டவர் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உடம்பு போனா என்னம்மா? அதோட ஆவி இன்னும் இங்கதான் நிக்குது. நான் கேட்டது அந்த ஆவியோட அழுகையை."

நீங்கள் நம்பமாட்டீர்கள், கூட்டத்தில் பாதிப் பேர் மறுபடியும் உருகிவிட்டார்கள். இன்ஜின் இல்லாத வண்டிக்கே இவ்வளவு சொல்கிறவர், இருக்கிற வண்டிக்கு எவ்வளவு சொல்வார் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"அது சாகவே இல்லைங்க" என்றாள் அக்கா. "காய்கறிக்காரர் வேன்ல ஓடிக்கிட்டு இருக்கு. தினம் காலைல நம்ம தெருவுக்குத்தான் வருது. நீங்ககூட இன்னிக்கு அதுலதான் தக்காளி வாங்கினீங்க." கடைசி வார்த்தை மருந்துக்கடைக்காரருக்கு.

அப்போது பின்னாலிருந்து வங்கிக் காசாளர் முன்னால் வந்தார். "எனக்கு கியர்பாக்ஸ் போச்சு. அட்டைக்கு ஒத்தப் பைசா தரல" என்றார். முகம் சிவந்திருந்தது. "ஏன் சார்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் பதினான்கையும் பதினைந்தையும் உரக்கப் படித்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தின் அர்த்தத்தையும் சேர்த்துப் படித்தேன். சொன்னால் கிடையாது, சொல்லாவிட்டாலும் கிடையாது என்பது மெதுவாகக் கூட்டத்துக்குள் இறங்கியது. எல்லோரும் தங்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு பின்பக்கம் இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயா பின்பக்கமாக நழுவினார். கிடங்கின் மூலையில் அவருடைய கார் நின்றது. புத்தம்புதுசு. அத்தான் வேகமாகப் போய் அதற்கு முன்னால் நின்றார். கண்ணாடியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார்.

"ஐயா, உங்க வண்டியில அட்டையைக் காணோமே?"

"எனக்கு எதுக்குய்யா அட்டை?" என்று ஐயா எரிந்து விழுந்தார். "ரிப்பேர் வந்தா மெக்கானிக்கிட்ட விடுவேன். கையில இருக்கிற காசைக் குடுத்துச் சரி பண்ணிக்குவேன். வழி விடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு மாதத்தில் அந்த வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. அதைக் கேட்க யாரும் பானட்டில் காது வைக்க வேண்டியிருக்கவில்லை.

அவரால் ஓடவும் முடியவில்லை. தள்ளிக்கொண்டு வந்த வண்டிகள் வாசல்வரை வரிசையாக அடைத்து நின்றன. தள்ளி ஒதுக்குங்கள் என்று உதவியாளர் அம்மா கெஞ்சிப் பார்த்தார். அன்றைக்கு யாருக்கும் தள்ளத் தெம்பில்லை. சாயங்காலத்துக்குள் பணப்பெட்டி திறந்தது, வாங்கினதெல்லாம் வரிசையாகத் திரும்பிப் போனது, பிறகு போலீஸும் வந்தது.

அத்தான் பலகையிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டார். நேரே மெக்கானிக்கிடம் போனார். மறுநாள் காலை பள்ளிக்கூடத்து மைதானத்தில் வண்டியை வேகமாக ஓட்டி, ஓங்கி மிதித்துப் பார்த்தார். வண்டி நின்றது. இறங்கி வந்து, "உனக்கு ஒரு புடவை எடுக்கணும்" என்றார். "முதல்ல கிளட்சுக்குச் சேப்போம்" என்று அக்கா காலி டின்னை அலமாரிமேல் திருப்பி வைத்தாள்.

மருந்துக்கடைக்காரர் காரில் பச்சை அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. கிழித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாம்.

இரண்டு மாதம் இத்தனை பேர் வியர்க்க வியர்க்க வண்டி தள்ளினோம். நான் அட்டைக்கே பிழை திருத்தினேன். இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு மூடியைத் தூக்கிப் பார்க்க எங்களில் ஒருத்திக்குத்தான் தோன்றியது. கழுத்துக்கு மேலேயும் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வாரண்டி எவனும் தரமாட்டான்.