எல்விராவுக்காகக் கொஞ்சம் பச்சை

முதல் கடியிலேயே தோன் எவேலியோவின் கண்களிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. வாயைத் திறந்தால் நெருப்பு, மூடினாலும் நெருப்பு.

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் போகலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வயிற்றுப்புண்ணுக்குப் பயந்து பாதி ஆயுளை அவித்த கோழியோடு கழித்துவிட்டு, இன்றுதான் துணிந்து சோள ரொட்டியில் இறைச்சி மடித்துத் தரும் தெருமுனை டாக்கோ வண்டிக்கு வந்திருந்தார். வந்தவர் சட்னி மாதிரி இருந்த பச்சை சால்சாவை நம்பி, தாராளமாக ஊற்றிக்கொண்டுவிட்டார்.

வண்டிக்காரி தோன்யா ஒத்தீலியா கல்லில் இறைச்சியைப் புரட்டுவதை நிறுத்தினாள். பூப்ளா ஊரில் பிறந்தவன் எவனும் அந்தப் பச்சைக்கு அழுது அவள் பார்த்ததில்லை. ஆகவே இது வேறு அழுகை என்று முடிவு கட்டிவிட்டாள்.

"யாராவது தவறிட்டாங்களா?"

நாக்கு எழவில்லை. மூச்சு வாங்குவதற்காகத் தலையை ஆட்டினார் எவேலியோ. அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

"சம்சாரமா?"

மறுபடியும் மூச்சு வாங்கினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். கல்யாணமே ஆகாத தோள் அது. அதன்மேல் கடைசியாக ஒரு கை பட்டது எப்போது என்று அவருக்கே தெரியாது. காரம் அடங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"பேரு என்ன?"

"எல்விரா" என்றார். வாயில் வந்தது அதுதான். வேலை பார்த்த ஸ்டேஷனில் ஒரு பழைய எஞ்சினுக்கு எல்லோருமாக வைத்திருந்த பெயர்.

"எப்படி இருப்பாங்க?"

"கொஞ்சம் கனம். ஆனா நேரம் தவறமாட்டா."

தோன்யா ஒத்தீலியா மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்குப் போனதும் எவேலியோவுக்கு வெட்கமாக இருந்தது. அங்கே ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கோப்பை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தால் அன்றைய பேச்சு முடிந்தது. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று நினைத்தார். மறுநாள் மத்தியானம் கால்கள் அவரைக் கேட்காமலே போயின.

அழாவிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று பச்சையையே ஊற்றிக்கொண்டார். நாக்குக்குப் பழகிவிட்டது போலிருந்தது. கண்ணுக்குத்தான் பழகவில்லை. அவள் வந்து உட்கார்ந்து, "எல்விரா சமையல் எப்படி?" என்றதும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"சமைக்கமாட்டா. சும்மா பக்கத்துல நின்னாலே சூடா இருக்கும்" என்றார்.

இப்படிப் பொய் சொல்லிக்கொண்டே போனால் நரகம்தான் என்று பயந்து ஒருநாள் சிவப்புக்கு மாறினார். வறுத்த மிளகாய் வாசனையோடு அது சாதுவாகத்தான் இருந்தது. கண் காய்ந்தே கிடந்தது. துக்கம் ஆறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், தோன்யா ஒத்தீலியா பதறிப்போனாள்.

"உள்ளயே அடக்கி வைக்கிறீங்க. எங்க மாமா இப்படி அடக்கி அடக்கித்தான் போய்ச் சேந்தாரு. இந்தாங்க." அவளே பச்சையை ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதார்.

பக்கத்துப் பூட்டுக்கடை சிப்ரியானோ, தினமும் அங்கேயே சாப்பிடுகிற ஆள், பேப்பர் நாப்கினை நீட்டினார். "அழுங்க தலைவரே. தெரு பாத்துக்கும்."

தெருவே பார்க்க ஆரம்பித்துவிட்டது என்பதுதான் கவலை. துக்கத்தையெல்லாம் ஒரே நாளில் அழுது தீர்த்துவிட்டால் கணக்கு முடியும் என்று, மண்கிண்ணத்தில் இருந்த ஆரஞ்சு நிற அபனேரோ மிளகாய் சால்சாவில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆம்பிளைகளே குச்சி நுனியில் தொட்டு நக்குகிற சங்கதி அது. காது அடைத்தது. விக்கல் பிடித்துக்கொண்டது.

"இது எல்விராவுக்குப் பிடிச்சதா?" என்று அவள் கேட்டது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. தலையாட்டினார்.

"பாவம், அவங்க ஆத்மாவுக்கு ஒரு செபமாவது சொன்னாங்களா? நாளைக்கு உங்க வீட்ல வச்சுக்குவோம். நான் எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

வேண்டாம் என்று சொல்வதற்கும் நாக்கு இல்லை.

மறுநாள் சாயங்காலம் தெரு திரண்டு வந்தது. வீட்டில் இருப்பது ஒரு நாற்காலி என்று யாரோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும். அவரவர் நாற்காலியோடு வந்தார்கள். மெழுகுவர்த்தி, பூ, காப்பி, இனிப்பு ரொட்டி. எல்விராவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பானை நிறைய அபனேரோ. செபமாலை உருட்டினார்கள். நிலக்கரி தின்று ஓடிய ஓர் எஞ்சினின் ஆத்ம சாந்திக்காக முப்பது பேர் முழங்காலிட்டார்கள். அந்த வீட்டில் அத்தனை குரல் எவேலியோ கேட்டதே இல்லை.

தாங்க முடியாமல் அடுக்களைக்குள் நழுவினார். அங்கே சிப்ரியானோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். எவேலியோ கதவைச் சாத்தினார்.

"சிப்ரியானோ, உங்ககிட்டயாவது சொல்லிடறேன். எல்விரான்னு பொம்பளையே கிடையாது. யாரும் சாகல. எனக்குச் சாகறதுக்கும் யாரும் இல்ல. தினமும் அழுதேனே, அது அந்தப் பச்சை சால்சா. வெறும் காரம்."

சிப்ரியானோ காப்பியை அவர் கையில் கொடுத்தார்.

"முதல் நாள் வேணா காரமா இருந்திருக்கும் தலைவரே. துக்கத்துல இருக்கிற மனுசன் வயித்துக்கு ஆகாதுன்னு, மறுநாள்லேருந்து அந்தம்மா பச்சையில மிளகாயே போடறதில்ல."