கோனர் அண்ணையின் முறைப்பாடு

ஒரு உதைபந்தாட்ட அணியை நேசித்த குற்றத்துக்காக கோனர் அண்ணை அளவுக்குத் தண்டனை அனுபவித்த மனிதர் டென்மார்க்கில் இருந்திருக்க மாட்டார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாடு முழுவதும் தேசிய அணி அடித்துத் தள்ளிய கோல்களில் மயங்கிக் கிடந்தது. ரண்டர்ஸ் நகரில் நாங்கள் டேனிஷ் படித்த கல்லூரியின் அணி மட்டும் கோல் என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தது.

அந்த அணியில் டேனிஷ்காரர் ஆறு பேர், தமிழர் நாலு பேர், போலந்துக்காரர் ஒருவர். நான் இடதுபக்க முன்னணி வீரன். பெயர்தான் முன்னணி. எதிரணியின் பெனால்டி எல்லைக்குள் நான் கால் வைத்தது இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது மட்டும்தான். எங்கள் பயிற்சியாளர் ஹென்னிங் மாஸ்டரின் கொள்கை அப்படி. தோற்காமல் இருப்பதே வெற்றி என்பார். பதினொரு பேரையும் எங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் மதில் மாதிரி நிறுத்துவார். அப்படி நிறுத்தியும் தோற்றோம் என்பது வேறு கதை.

பார்வையாளர் என்று ஒருவர்தான் வருவார். மழையோ, பனியோ, முழங்கால் வரை தொங்கும் ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, எதிரணிப் பக்கத்து மூலையில், கோனர் கொடிக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நிற்பார். ஆட்டம் நடப்பதெல்லாம் மைதானத்தின் மற்ற முனையில். ஏன் அவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருக்காவாவது பந்து இந்தப் பக்கம் வரும் தம்பி. வரேக்கை வரவேற்க ஒரு ஆள் வேணுமல்லோ" என்றார்.

அன்றிலிருந்து அவர் கோனர் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பதினாலு வருஷம் கிளாக்காக இருந்தவர். எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் அவருக்கு மனம் ஆறும். ஆனால் ஒரு சிக்கல். சனிக்கிழமை அவர் திட்டுகிற ஹென்னிங் மாஸ்டர்தான் திங்கட்கிழமை எங்களுக்கு டேனிஷ் படிப்பிக்கிறவர். முன்வாங்கில் கோனர் அண்ணை மிகுந்த மரியாதையோடு உட்கார்ந்திருப்பார். 'ஆனால்' என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் கேட்டால், எங்கள் அணியில் பதினொரு பேர் இருக்கிறார்கள், ஆனால் கோல் இல்லை என்பார். எதிர்காலத்தில் ஒரு வசனம் கேட்டால், வருகிற சனியும் கோல் அடிக்க மாட்டோம் என்பார். ஹென்னிங் மாஸ்டர் உச்சரிப்பை மட்டும் திருத்துவார். வகுப்பில் இலக்கணம் பிழையில்லாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். பயிற்சி அப்படி.

ஒருமுறை 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மன்னாரில் இருக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியவருக்கு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மிச்சம் நாலு பக்கமும் எங்கள் முன்வரிசையின் சீர்கேட்டைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டுரைக் கொப்பி திரும்பி வந்தபோது எழுத்துப் பிழைகள் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன. அடியில் ஹென்னிங் மாஸ்டர் ஒரு வரி எழுதியிருந்தார். முன்னுக்கு ஆள் விடலாம், ஓடக்கூடிய ஆள் யார்? அண்ணை அதற்குக் கீழே பதில் எழுதினார். மறுவாரம் அதற்குப் பதில் வந்தது. இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கொப்பி இருவருக்கும் இடையில் போய் வந்தது. பயிற்சியாளர் படம் கீறி அம்புக்குறி போடுவார். அண்ணை அம்புக்குறியின் திசையை மாற்றி அனுப்புவார்.

வசந்தகாலத்தில் ஸ்கீவ நகரில் ஆறுக்குப் பூச்சியமாகத் தோற்றோம். திரும்பி வந்த பஸ்ஸிலேயே அண்ணை எதையோ குறித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை கல்லூரி அதிபருக்கு டேனிஷில் ஒரு முறைப்பாடு எழுதினார். பொருள், முன்வரிசையின் செயலின்மை. இலக்கமிட்ட ஒன்பது பந்திகள். பிரதி, பயிற்சியாளர் அவர்களுக்கு. அதில் எழுத்துப் பிழை இருந்துவிடக் கூடாதே என்று கொண்டுபோய் ஹென்னிங் மாஸ்டரிடமே காட்டினார். அவரும் வாசித்து, மூன்று இடத்தில் திருத்தி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

கச்சேரியில் இருந்த காலமெல்லாம் ஒரு முறைப்பாட்டுக்குப் பதில் போனதை அண்ணை கண்டதில்லை. எழுதுவதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார். டென்மார்க்கில் கடிதம் எழுதினால் பதில் வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. பத்தாம் நாள் வந்தது. முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டது, ஹென்னிங்கைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்க யோசிக்கிறோம், அதற்கு முன் உங்களைச் சந்திக்க விரும்புகிறோம்.

கடிதத்தை வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. தன்னுடைய டேனிஷ் இதற்குப் போதாது, நீ வந்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். இலக்கணத்தில் அவரை விட நான் மூன்று படி கீழே என்றேன். அவர் கேட்பதாக இல்லை.

அதிபர் நல்ல மனிதர். கோப்பி ஊற்றித் தந்து, ஒன்பது பந்திகளும் நியாயமானவை என்றார். அண்ணை கோப்பியைத் தொடவில்லை. முறைப்பாட்டைத் திரும்பப் பெற வந்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதியது பொய்யா என்று அதிபர் கேட்டார்.

"ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்த மனிசனுக்கு உதைபந்தே தெரியாது" என்றார் அண்ணை. அதை மொழிபெயர்த்தேன். அப்படியானால் ஏன் அவர் இருக்க வேண்டும் என்று அதிபர் கேட்டார்.

அண்ணை அதிபரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"மனிசிக்கு எழுதினா பதில் வர ரெண்டு மாசம் தம்பி. சிலநேரம் வராது. இந்த நாட்டிலை நான் கோபிச்சால் அடுத்த கிழமையே பதில் எழுதுற ஆள் உவர் ஹென்னிங் மாஸ்டர் ஒருத்தர்தான். உவரைக் கலைச்சுப்போட்டு நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

தடக்கித் தடக்கி டேனிஷில் சொல்லி முடித்தேன். அதிபர் எழுந்து போய் யன்னலைத் திறந்தார், திரும்ப மூடினார், முறைப்பாட்டை அண்ணையிடமே கொடுத்துவிட்டார்.

ஹென்னிங் மாஸ்டர் அப்படியே இருந்தார். கோல் வந்ததா என்று கேட்பீர்கள். இலையுதிர்காலத்தில் ஒன்று வந்தது. நான் அடித்த பந்து எதிரணி ஆள் ஒருவரின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அது திட்டமிட்ட கோல் அல்ல என்று அண்ணை அன்றைக்கே எழுத்தில் கொடுத்தார். அடுத்த வருஷம் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தோடு ஓகூஸ் நகரப் பக்கம் குடிபோய்விட்டார்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று அதிபரின் அறையில் அவர் சொன்னதை மொழிபெயர்த்து முடித்த பிறகு, என் பாட்டுக்கு ஒரு வசனம் சேர்த்துவிட்டேன். எங்களைப் பார்க்க வருகிற ஒரே ஆள் இவர், சண்டை பிடிக்க ஆளில்லாமல் இவர் வராமல் விட்டால் நாங்கள் யாருக்காக விளையாடுவது என்று.

இதையும் அவர்தான் சொன்னாரா என்று அதிபர் கேட்டார். ஓம் என்றேன்.